பைன் மரத்தில் ஒரு துளை

சென்னையில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இயந்திர உதிரிபாகங்கள் ஏற்றிச் சென்ற எங்கள் கன்டெய்னர் ஒன்று அயல்நாட்டுத் துறைமுகத்தில் பதினோரு நாள் நிறுத்திவைக்கப்பட்டது. உதிரிபாகங்களில் ஒரு குறையும் இல்லை, காகிதங்களும் சரியாகவே இருந்தன. சரக்குக்கு அடியில் வைத்திருந்த மரப் பேலட்டுகளில் நான்கில் மட்டும் கோதுமைக் கதிர் முத்திரை இல்லை. தாமதக் கட்டணம், புகையூட்டும் செலவு, வாடிக்கையாளரின் வசவு என்று எல்லாம் சேர்ந்து புதியவனான என் தலையில் விழுந்தன. அன்று முதல் பேலட்டைப் பார்த்தால் முத்திரையைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கதிர்ப் படம், நாட்டுக் குறியீடு, அதன் பக்கத்தில் வெப்பமூட்டியதைக் குறிக்கும் 'எச்.டி.' என்ற இரண்டு எழுத்துகள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் எட்டியிருக்க வேண்டும் என்பது 2002இல் வந்த பன்னாட்டு விதி. ஏன் 56, எதைக் கொல்வதற்காக என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பூச்சி வராமல் இருக்க என்று யாரோ சொன்னார்கள், அதோடு விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை, வேலை நிமித்தமாக ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நான்கு ஆண்டுகள் வசித்தபோதுதான் கிடைத்தது. அங்கிருந்து சிக்குஹி ரயில் பாதையில் கடலோரமாகச் சென்றால் கராட்சு என்ற ஊருக்குச் சற்று முன்னால் 'நிஜி நோ மட்சுபாரா' என்ற பைன் தோப்பு வரும். வானவில்லின் பைன்வெளி என்று அந்தப் பெயருக்குப் பொருள். வளைகுடாவின் விளிம்பை ஒட்டிச் சுமார் நாலரை கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கும் அந்தத் தோப்பில் ஏறத்தாழ பத்து லட்சம் கரும்பைன்கள் இருப்பதாகக் கணக்கு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராட்சுவின் முதல் சிற்றரசர் டெராசாவா ஹிரோட்டாக்கா, கடற்காற்றும் மணலும் வயல்களை மூடிவிடாமல் இருக்க நட்டு வளர்க்கச் செய்த தோப்பு இது. நம் ஊர்க் கடற்கரைகளில் சவுக்குத் தோப்பு செய்யும் அதே வேலையை இந்தப் பைன்கள் நானூறு ஆண்டுகளாகச் செய்துவருகின்றன.

அங்கே விடுமுறை நாட்களில் உதிர்ந்த ஊசியிலைகளை வாரிக் குவிக்கும் தன்னார்வலர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். குப்பையை அகற்றுகிறோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பைன் ஏழை மண்ணில்தான் நன்றாக வாழும் என்பதும், இலைகள் மக்கி மண் கொழுத்தால் அகன்ற இலை மரங்கள் புகுந்து பைனை நெருக்கிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழுவில் எழுபது வயதைக் கடந்த, முன்பு வனத்துறைப் பணியில் இருந்த ஒரு பெரியவர் இருந்தார். இந்தக் கட்டுரையில் இருப்பவற்றில் பாதி அவர் காட்டியது, மீதி அவர் காட்டியதால் நான் தேடிப் படித்தது.

ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள், பச்சைத் தோப்புக்கு நடுவே ஒரே ஒரு மரம் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் நிற்பதைப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் அந்த மரத்தடியில்தான் நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டிருந்தேன். அப்போது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. முப்பது அடிக்கு மேல் உயர்ந்த மரம் இரண்டே மாதத்தில் எப்படிக் காய்ந்தது என்று பெரியவரிடம் கேட்டதற்கு, "மட்சுகுயிமுஷி" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். பைனைத் தின்னும் பூச்சி என்று பொருள். சொன்ன கையோடு, "அந்தப் பெயர் தவறு. ஆனால் எல்லோரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெயரில் இருக்கும் பூச்சி ஒரு நீளக்கொம்பு வண்டு. அறிவியலில் அதற்கு மோனோகாமஸ் ஆல்டர்நேட்டஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், வெட்டி அடுக்கிய பழைய மரக்கட்டையிலிருந்து வெளிவந்திருந்த ஒன்றைப் பெரியவர் கண்ணாடிக் குப்பியில் போட்டு என்னிடம் நீட்டினார். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். செம்பழுப்பு முதுகில் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுகள், பழைய பித்தளையில் புகை படிந்ததுபோல. ஆணாக இருந்ததால் உணர்கொம்புகள் உடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு பின்னால் வளைந்திருந்தன. குப்பிக்குள் இருந்த பைன் குச்சியின் பட்டையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. காதருகே வைத்தால் எலி பலகையைக் கொறிப்பதுபோன்ற மெல்லிய ஒலி கேட்டது. அது தின்ற இடத்தில் பச்சைப் பட்டை நீங்கி, வெள்ளை மரம் நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் அந்த வண்டு ஒரு பச்சை மரத்துக்குச் செய்யும் காயம். இதனால் ஒரு மரம் சாகும் என்று யாரும் நம்பமாட்டார்கள், நம்பத் தேவையும் இல்லை.

உண்மையில் இந்த வண்டினால் ஆரோக்கியமான பைன் மரத்தில் குடும்பம் நடத்தவே முடியாது. பெண் வண்டு பட்டையைக் கீறி முட்டை வைத்தால், மரம் பிசினைச் சுரந்து முட்டையையும் அதிலிருந்து வரும் லார்வாவையும் மூழ்கடித்துவிடும். அதனால் சாகப்போகும் மரமாக, பிசின் வற்றிய மரமாகப் பார்த்துத்தான் அது முட்டை வைக்கும். அத்தகைய மரம் காட்டில் எப்போதும் ஏராளமாகக் கிடைப்பதில்லை. மின்னல் விழுந்ததோ, புயலில் சாய்ந்ததோ, நிழலில் நசுங்கியதோதான் கிடைக்கும். நூற்புழு என்ற இன்னோர் உயிர் வருவதற்கு முன் ஜப்பானில் இந்த வண்டு எண்ணிக்கையில் குறைந்த, யாரும் பொருட்படுத்தாத ஓர் உயிராகத்தான் இருந்தது.

மரத்தைக் கொல்வது இந்த நூற்புழுதான். வேளாண்மைத் துறையின் பிரசுரங்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. வாழை வேரிலும் தக்காளி வேரிலும் முடிச்சு உண்டாக்கும் அந்தக் கூட்டத்தின் உறவு இது. பர்சஃபெலென்கஸ் சைலோஃபைலஸ் என்பது முழுப்பெயர். சைலோஃபைலஸ் என்றால் மரத்தை விரும்புவது. தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் வருகிறது: வண்டின் இளம்பருவத்தையும் புழு என்கிறோம், இதையும் புழு என்கிறோம். இரண்டும் ஒரே கட்டைக்குள் வாழ்வதால் குழப்பம் கூடும். ஆகவே வண்டின் குழந்தையை லார்வா என்றும், இதை நூற்புழு என்றும் இந்தக் கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

நூற்புழுவைப் பார்க்க வேண்டும் என்று நான் நச்சரித்ததால், ஒரு சனிக்கிழமை காய்ந்த மரத்தில் துளையிட்டு எடுத்த மரச்சீவலைப் பெரியவர் மெல்லிய காகிதத்தில் பொதிந்து, தண்ணீர் நிரப்பிய புனல் ஒன்றில் அமிழ்த்தி வைத்தார். புனலின் அடியில் ரப்பர் குழாய், குழாயின் வாயில் ஒரு கவ்வி. மறுநாள் கவ்வியைத் தளர்த்திச் சில துளிகளைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியின் கீழே வைத்தபோது, ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத கண்ணாடி இழைகள் பல சுருண்டும் நிமிர்ந்தும் நெளிந்தன. வெறும் கண்ணுக்கு அந்தத் துளி வெறும் தண்ணீர்தான். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் தென்படும் ஓர் உயிர், எழுபது ஆண்டு காலம் ஒரு நாட்டின் வல்லுநர்கள் கண்ணில் படாமல் இருந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

ஒன்றுக்கு மற்றது எப்படி உதவுகிறது என்பதை ஓர் ஆண்டின் போக்கில் பார்த்தால்தான் விளங்கும். வசந்தத்தின் முடிவில், சென்ற ஆண்டு செத்த மரத்துக்குள் வண்டின் லார்வா தான் குடைந்த அறையில் கூட்டுப்புழுவாகிறது. அதுவரை அந்த மரத்தில் படர்ந்த பூஞ்சை இழைகளைத் தின்று பெருகிக்கொண்டிருந்த நூற்புழுக்களில் ஒரு பகுதி, வழக்கமான வளர்ச்சிப் பாதையை விட்டு விலகிப் பயணத்துக்கென்றே அமைந்த வேறொரு பருவத்துக்கு மாறுகிறது. அந்தப் பருவத்தில் அதற்குத் தின்னும் வாயுறுப்பு இல்லை, உணவு தேவையில்லை. உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு வண்டின் அறையைச் சுற்றித் திரண்டு நிற்கிறது. வண்டு தோலுரித்து முழு உருவம் பெற்றதும், அதன் விலாவில் உள்ள சுவாசத் துளைகள் வழியாக நூற்புழுக்கள் உள்ளே ஏறி மூச்சுக்குழல்களில் அடைந்துகொள்கின்றன. ஒரு வண்டில் சில ஆயிரம் இருப்பது சாதாரணம். 2 லட்சத்துக்கு மேல் எண்ணப்பட்ட வண்டுகளும் உண்டு. மூச்சுக்குழலில் அத்தனை பேரை அடைத்துக்கொண்டும் வண்டு பறக்கிறது, தின்கிறது, இணை சேர்கிறது. திருவிழாக் காலத்து டவுன் பஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கட்டையைத் துளைத்து வெளியே வந்த வண்டு உடனே முட்டை வைத்துவிடாது. சினைப்பை முதிர அதற்குச் சில வாரங்கள் தேவை. அந்தச் சில வாரங்களும் ஆரோக்கியமான பைன்களின் உச்சிக்குப் பறந்துபோய், இளங்குச்சிகளின் பட்டையைத் தின்று உடலைத் தேற்றிக்கொள்கிறது. குப்பிக்குள் நான் பார்த்தது இந்தத் தீனியைத்தான். வண்டு தின்றுகொண்டிருக்கும்போது நூற்புழுக்கள் அதன் வயிற்று நுனி வழியாக ஊர்ந்து இறங்கி, அது உண்டாக்கிய நகக்கண் அளவுக் காயத்தில் நுழைகின்றன. மரத்துக்குள் போனதும் பிசின் செல்லும் குழல்களில் பரவி, அவற்றின் சுவரில் உள்ள உயிரணுக்களை ஊசி போன்ற வாயுறுப்பால் குத்தி உறிஞ்சுகின்றன. 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு நான்கைந்து நாள் போதும் என்பதால், சில நூறாக நுழைந்த கூட்டம் சில வாரங்களில் கோடிகளை எட்டிவிடும்.

முதலில் நிற்பது பிசின். வெளியில் இலை பச்சையாகவே இருக்கும்போதே, உள்ளே மரம் தன் ஒரே ஆயுதத்தை இழந்துவிடுகிறது. அடுத்து நிற்பது தண்ணீர். வேரிலிருந்து உச்சிவரை அறுபடாமல் ஏற வேண்டிய நீர்த்தாரைக்குள் காற்றுக் குமிழிகள் தோன்றி வழியை அடைக்கின்றன. கிணற்று மோட்டாரின் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது அல்லவா, அதே நிலைதான். வெயில் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டில் இது நடப்பதால் மரம் நின்ற நிலையில் காய்கிறது. கோடையின் சராசரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர்ப் பகுதிகளில், நூற்புழு உள்ளே இருந்தாலும் மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

அந்த ஆகஸ்டில்தான் வண்டின் சினைப்பையும் முதிர்ந்திருக்கும். அது தேடுவது பிசின் வற்றிய மரம். தோப்பில் அத்தகைய மரங்கள் புதிதாகத் தயாராக நிற்கின்றன. வண்டு முட்டை வைக்கிறது, லார்வா மரத்துக்குள் குடைகிறது, நூற்புழு பூஞ்சையைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கிறது, மறு வசந்தத்தில் மறுபடி ஏறிக்கொள்கிறது. வண்டுக்குத் தொட்டிலை நூற்புழு செய்து தருகிறது, நூற்புழுவுக்கு இறக்கையை வண்டு தருகிறது. யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மரத்தைக் கேளுங்கள் என்றார்.

நோய் முதன்முதலில் பதிவானது 1905இல், நாகசாகியில். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மரத்தோடு நூற்புழு வந்து இறங்கியிருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. செத்த மரத்தைப் பிளந்தவர்களுக்கு உள்ளே கண்ணில் பட்டதெல்லாம் வண்டின் லார்வாவும் அதன் குடைவும்தான். ஆகவே பழி வண்டின்மேல் விழுந்தது, பெயரும் அப்படியே அமைந்தது. அதில் ஒட்டாத ஒரு சங்கதி மட்டும் பூச்சியியலாளர்களை உறுத்திக்கொண்டே இருந்தது: வண்டு முட்டை வைப்பதற்கு முன்பே மரத்தில் பிசின் நின்றுவிடுகிறது, அப்படியானால் பிசினை நிறுத்தியது யார்? 1960களின் இறுதியில் கியூஷூ தீவில் காட்டு மர நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த டோக்குஷிகே, கியோஹாரா இருவரும், பூஞ்சைதான் காரணமாக இருக்கும் என்று எண்ணிச் செத்த மரத்துண்டுகளிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுக்க முயன்றபோது, மீண்டும் மீண்டும் நூற்புழுக்கள் தென்பட்டன. அவற்றை வளர்த்து ஆரோக்கியமான பைன்களில் செலுத்திப் பார்த்தார்கள். மரங்கள் காய்ந்தன. 1971இல் அந்த முடிவு வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டே வண்டுதான் வாகனம் என்பதும் நிறுவப்பட்டது. 66 ஆண்டு தேடலின் விடை, தேடாத இடத்தில் கிடைத்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே நூற்புழுவை அமெரிக்க ஆய்வாளர்கள் 1934லேயே மரக்கட்டையில் கண்டு பெயரிட்டு வைத்திருந்தார்கள். அங்கே அதனால் யாருக்கும் தொல்லை இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. வட அமெரிக்காவின் பைன்கள் நெடுங்காலமாக அதனோடு வாழ்ந்து பழகியவை. அங்கே அது பெரும்பாலும் செத்த கட்டையில் பூஞ்சை தின்று காலம் தள்ளும் சாதுவான உயிர். ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் அமெரிக்காவில் நட்ட ஸ்காட்ஸ் பைன் மட்டும் அங்கேயும் காய்ந்துபோகிறது. ஜப்பானின் கரும்பைனுக்கும் செம்பைனுக்கும் இந்தப் பழக்கம் இல்லாமல் போனதுதான் துரதிர்ஷ்டம்.

ஜப்பானில் நோய் கட்டுமீறிப் போனதற்கு மனிதர்களின் அடுப்பும் ஒரு காரணம் என்பது நான் எதிர்பார்க்காத செய்தி. முன்பெல்லாம் காய்ந்த பைன் மரம் ஒன்று கிடைத்தால் ஊரே வெட்டி எடுத்துப்போய் எரித்துவிடும். வண்டும் நூற்புழுவும் விறகோடு சாம்பலாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வீடுகளுக்கு வந்ததும் விறகுக்குத் தேவை இல்லாமல் போனது, செத்த மரங்கள் காட்டிலேயே நின்றன, ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டுக்கான வண்டுகளை வளர்த்தது. 1979இல் மட்டும் நோயால் இழந்த மரத்தின் அளவு 24.3 லட்சம் கன மீட்டர். இன்று ஹொக்கைடோ ஒன்று தவிர ஜப்பானின் பெருந்தீவுகள் எல்லாவற்றிலும் நோய் இருக்கிறது.

பிறகு அது கடல் கடந்தது. 1982இல் சீனாவின் நான்ஜிங்கில், சுன் யாட்-சென் நினைவிடத்துப் பைன்களில், 1985இல் தைவானில், 1988இல் தென்கொரியாவின் பூசானில், 1999இல் போர்ச்சுகலின் செட்டூபால் பகுதியில். வண்டு தன் ஆயுளில் சில கிலோமீட்டர்தான் பறக்கும். மற்ற தூரத்தையெல்லாம் அது லாரியிலும் கப்பலிலும், பலகையாகவும் பெட்டியாகவும் பேலட்டாகவும் கடந்தது. நான் பேலட்டுகளில் தேடிய முத்திரையின் 56 டிகிரி கொல்ல நினைத்தது இவற்றைத்தான். ஃபின்லாந்து 1984இலேயே அமெரிக்காவிலிருந்து வந்த மரச்சீவலில் நூற்புழுவைக் கண்டுபிடித்துக் கதவை மூடிக்கொண்டது. போர்ச்சுகல், நோய்ப்பகுதியைச் சுற்றி 3 கிலோமீட்டர் அகலத்துக்குப் பைன்களையெல்லாம் வெட்டி ஒரு வெற்றுவெளியை உண்டாக்கிப் பார்த்தது; 2008இல் அந்த வெளிக்கு அப்பாலும் நோய் தென்பட்டது. அங்கே நூற்புழு தன் பழைய வாகனத்தைத் தேடவில்லை. ஐரோப்பாவின் உள்ளூர் மோனோகாமஸ் வண்டு ஒன்றில் ஏறிக்கொண்டது. வண்டு இனம் மாறினாலும் பரவாயில்லை, பச்சைக் குச்சியைத் தின்று செத்த மரத்தில் முட்டை வைக்கும் சுபாவம் இருந்தால் போதும் என்ற அந்த எளிய நிபந்தனைதான் இந்த நோயில் என்னை மிகவும் கலங்கவைப்பது.

தென்னை உள்ளவர்கள் கவனிக்க இங்கே ஒரு செய்தி உண்டு. கரீபியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவிலும் தென்னையைக் கொல்லும் சிவப்பு வளைய நோயை உண்டாக்குவது இதே பர்சஃபெலென்கஸ் பேரினத்து நூற்புழு ஒன்று. அதைச் சுமப்பது நம் தோப்புகளின் சிவப்புக் கூன்வண்டுக்குச் சகோதர இனமான ஒரு கூன்வண்டு.

தடுப்பு முறைகளில் எதுவும் அழகானது இல்லை. காய்ந்த மரத்தை வண்டு வெளிவருவதற்குள் வெட்டி எரிக்க வேண்டும், அல்லது சீவலாக அரைக்க வேண்டும், அல்லது நெகிழி விரிப்பில் சுற்றிப் புகையூட்ட வேண்டும். தென்கொரிய மலைச்சரிவுகளில் பச்சை விரிப்பால் மூடிய கட்டைக் குவியல்களைப் பார்த்திருக்கிறேன், தூரத்திலிருந்து கல்லறைகள் போலவே தெரியும். 1977இல் ஜப்பான் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி ஹெலிகாப்டரில் மருந்து தெளித்தது. தேனீ வளர்ப்போரும் ஊர்க்காரர்களும் எதிர்த்ததில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கோயில் வளாகங்களிலும் தோட்டங்களிலும் நிற்கும் மதிப்பு மிக்க மரங்களுக்கு அடிமரத்தில் துளையிட்டு ஊசி போடுகிறார்கள். மருந்துக் குப்பியின் பெயரைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம்: எமாமெக்டின் பென்சோயேட். பருத்திக் காய்ப்புழுவுக்கு என் மாமா தெளிப்பான் தோளில் மாட்டி அடிக்கும் அதே மருந்து! அதன் மூலமான அவர்மெக்டினைத் தந்த நுண்ணுயிரை சடோஷி ஓமுரா கண்டெடுத்ததும் ஜப்பானின் ஷிசுவோக்கா மண்ணிலிருந்துதான். 2015இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஆனால் பத்து லட்சம் மரத்துக்கு ஊசி போட யாரிடமும் பணம் இல்லை.

எனக்குப் பிடித்த முயற்சி, பிழைத்த மரங்களைத் தேடிப் போனது. 1978 முதல், சுற்றிலும் எல்லாம் செத்துக் கிடந்த தோப்புகளில் தனியாகப் பச்சையாய் நின்ற பைன்களைத் தேர்ந்து, அவற்றின் ஒட்டுகளில் நூற்புழுவைச் செலுத்திச் சோதித்தார்கள். அத்தனை தேடலிலும் முதல் கட்டத்தில் தேறியவை செம்பைனில் 92, கரும்பைனில் வெறும் 16. இன்று கடலோரங்களில் நடப்படும் கன்றுகள் பல அவற்றின் சந்ததி. நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய குளிர்காலத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் சிலவற்றை நானும் நட்டேன்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இலை பழுக்கும் முன்பே மரத்தின் நிலையை அறிய ஜப்பானியர்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. பட்டையில் உளிபோன்ற துளைக்கருவியால் ஒரு நாணயத்தைவிடச் சிறிய துளையிட்டு, ஒரு நாள் விட்டுப் போய்ப் பார்ப்பார்கள். நலமான மரமென்றால் துளையில் பிசின் நிரம்பிக் கண்ணீர்போல வழிந்திருக்கும். நான் அங்கிருந்த கடைசி ஜூலையின் முடிவில், ஆறு மரங்களில் பெரியவர் துளையிட, நான் எண் எழுதிய அட்டைகளைக் கட்டினேன். மறுநாள் காலையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனோம். ஐந்தில் பிசின் வழிந்து, விரலில் ஒட்டி, கற்பூரமும் எலுமிச்சையும் கலந்தாற்போல் மணத்தது. ஆறாவது மரம் மற்ற ஐந்தைப் போலவே பச்சையாக, காற்றில் ஊசிகள் சலசலக்க நின்றது. நான் துளைக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன். உள்ளே உலர்ந்திருந்தது. பெரியவர் பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து நீட்டினார், நான் அடிமரத்தைச் சுற்றிக் கட்டினேன்.